பன்னிரண்டாவது ஓட்டு

ஜூலை 2, செவ்வாய்

இன்று இவரை மீட்டிங் ஹாலிலிருந்து வெளியே போகச் சொல்லிவிட்டார் சேர்மன்.

இவரை மட்டுமில்லை. கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள் ஆறு பேர் வழக்கம்போல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சேர்மன் பொற்கொடி மேடம் வந்ததும் வராததுமாக, "உறுப்பினர் இல்லாதவங்க எல்லாரும் எந்திரிங்க. வெளிய பெஞ்சு போட்டிருக்கு, அங்க போய் உக்காருங்க" என்றார். யாரும் அசையவில்லை. "நான் சொன்னது காதுல விழலையா?" என்று மறுபடியும் கேட்டார். இவர்தான் முதலில் எழுந்தார். கையில் வைத்திருந்த ஃபைலை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கவுன்சிலர் நான்.

இந்த டைரி பெயிண்ட் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஆறு மாதமாக மிக்ஸிக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது, அதனால் ஒழுங்காக முதலிலிருந்தே எழுதுகிறேன். என் பெயர் உலகம்மாள். நெடுங்கரைப் பேரூராட்சியில் பதினான்காவது வார்டு கவுன்சிலர். பிளஸ் டூ பாஸ். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நிற்க ஆசைப்பட்டவர் இவர், நின்றது நான். இவர் குற்றாலிங்கம், பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஊரில் எல்லோரும் இவரைத்தான் "கவுன்சிலர்" என்று கூப்பிடுகிறார்கள். என்னை "கவுன்சிலர் வீட்டம்மா" என்கிறார்கள். இரண்டரை வருஷமாக இதில் எனக்குக் கோபம் வந்ததில்லை.

சாயங்காலம் வந்தவர் காப்பியைத் தொடவில்லை. "நாலு பேரு முன்ன எந்திரின்னு சொல்லிட்டாளே" என்று மட்டும் சொன்னார். முகம் சுண்டிப் போயிருந்தது. பாவமாக இருந்தது. முறுகலாக இரண்டு தோசை சுட்டு வைத்தேன், அதையும் பாதியில் வைத்துவிட்டார்.

ஜூலை 4, வியாழன்

சாம்பாருக்குப் பருப்பு வேகப் போட்டிருந்தேன். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. மனுவக் குடுத்தாச்சு" என்றார்.

"என்ன மனு?"

"நம்பிக்கையில்லாத் தீர்மானம். சேர்மன இறக்குதோம்."

நெடுங்கரையில் கவுன்சிலர்கள் பதினைந்து பேர். ஐந்தில் நான்கு பங்கு, அதாவது பன்னிரண்டு பேர் ஆதரித்தால் சேர்மன் பதவி போய்விடும். பதினொன்று என்றால் போகாது. சேர்மனையும் அவருக்கு வேண்டிய இரண்டு பேரையும் தள்ளினால் மிச்சம் சரியாகப் பன்னிரண்டு. ஒருவர் குறைந்தாலும் காரியம் கெட்டுவிடும். இதையெல்லாம் இவர் விரல் விட்டு எனக்கு விளக்கினார்.

"நான் கையெழுத்துப் போடலையே" என்றேன்.

"அதெல்லாம் போட்டாச்சு" என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மனு, சிபாரிசுக் கடிதம், மீட்டிங் வருகைப் பதிவேடு எல்லாவற்றிலும் என் கையெழுத்தை இவர்தான் போடுவார். நன்றாகவே இருக்கும். கடைசியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பார். மற்ற பெண் கவுன்சிலர்கள் வீட்டிலும் இதே கதைதான். பதிவேடு ஹாலுக்குள் வருவதற்கு முன் டீக்கடைக்குப் போய்விட்டு வரும்.

கேட்டிருந்தால் நானே போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஓடைத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு இரண்டு வருஷமாகிறது. மேடம் "பாக்கலாம், நிதி வரட்டும்" என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. அவர் நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

நேற்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பேரூராட்சிக்குத் துணைத் தலைவர். இந்தத் தீர்மானத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறவர் அவர்தான்.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் வெளங்கிக்கிடணும்" என்றார். "தீர்மானம் தோத்துட்டுன்னா ஒரு வருசத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. அந்த ஒரு வருசமும் அந்தம்மா நம்ம வார்டுக்கு ஒரு தெருவிளக்கு மாட்டாது. கட்சியிலயும் நம்மள சும்மா விடமாட்டாவ, எதுக்குடே தோக்குத சண்டைக்குப் போனியன்னு கேப்பாவ. செயிச்சிட்டோம்னா ஒருத்தனும் கேக்கமாட்டான். அதனால ஒருத்தர் பிசகக் கூடாது."

"இவ எங்க பிசகப் போறா?" என்றார் இவர்.

கிளம்பும்போது அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டதும் இவர் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத களை வந்துவிட்டது. எனக்கு அதிலெல்லாம் ஆசை இல்லை.

மத்தியானம் பீரோவைத் திறந்து பட்டுச் சேலைகளை எடுத்து உதறி நிழலில் காயப்போட்டேன். ஆடி வருகிறது, பூச்சி அரிக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

வேனில் கிளம்பிவிட்டோம். ஊரில் கேட்டவர்களுக்கு டூர் என்று சொல்லியிருக்கிறோம். பன்னிரண்டு கவுன்சிலர்கள், அவர்களில் ஏழு பெண்கள், கூடவே வீட்டுக்காரர்கள். ஓட்டெடுப்பு பத்தொன்பதாம் தேதி. அதுவரை சேர்மன் தரப்பு யாரையும் வளைத்துவிடக் கூடாது என்று தேக்கடிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே ஒரு ரிசார்ட் எடுத்திருக்கிறார் அண்ணாச்சி.

செங்கோட்டை தாண்டியதும் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து எல்லோருடைய போனையும் அதில் போடச் சொன்னார்கள். வழியில் ஒரு கோயில் வாசலில் இறங்கி, கற்பூரம் கொளுத்திக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். நாலாம் வார்டு செய்யதம்மாள் மட்டும் வேனிலிருந்து இறங்கவில்லை. "நான் வாயால சொல்லுதேன் அண்ணாச்சி, அது போதும்" என்றாள். அண்ணாச்சியும் போதும் என்றுவிட்டார்.

டைரியை யாரும் கேட்கவில்லை. பொம்பளைகள் பைக்குள் எழுதுகிற சாமான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஜூலை 10, புதன்

சமைக்க வேண்டாம், பாத்திரம் விளக்க வேண்டாம், தண்ணீர் பிடிக்க வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் இந்தக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

ஆண்கள் சீட்டு விளையாடுகிறார்கள். நாங்கள் ஏழு பேரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். முதலில் சீரியல் கதை, பிறகு யார் யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று போய், கடைசியில் தண்ணீரில் வந்து நின்றது. ஓடைத்தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதைச் சொன்னேன். பதினோராம் வார்டு ஞானசுந்தரி மைனி என்னையே பார்த்தாள்.

"ஏளா, எங்க தெருவுக்குப் போற மெயின் லைனே ஒங்க ஓடைத்தெரு முக்கு வழியாத்தான வருது? அங்கன ஒரு வால்வு வச்சி எடுத்தா இருநூறு மீட்டர் குழாய் போதுமே."

"நெசமாவா?"

"தோண்டும்போது நாந்தான் ரெண்டு நாளும் பக்கத்துல நின்னேன்."

"இத ரெண்டு வருசமா ஏன் மைனி சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றாள்.

இரண்டரை வருஷமாக மாதா மாதம் ஒரே ஹாலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்காகப் பேசியவர்கள் யாரும் தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள் இல்லை. அதனால் அவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று காலையில் ஊரிலிருந்து ஆள் வந்து ஒரு சேதி சொன்னதும் சீட்டுக் கட்டு அப்படியே கிடந்தது. மனுவில் இருக்கும் பெண்களின் கையெழுத்து எதுவும் அவர்கள் போட்டது இல்லை என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஓட்டெடுப்புக்கு வரும் அதிகாரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் பார்ப்பாராம். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் மனு தள்ளுபடி. போட்டவர் மேல் போலீஸ் கேஸ்.

வீட்டுக்காரர்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு பேரும் போட்டிருக்கிறார்கள். அதில் செய்யதம்மாள் வீட்டுக்காரர் அவள் பெயரை ஒரு எழுத்து விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார்.

அண்ணாச்சி ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு, "இன்னும் ஏழு நாள் இருக்குல்லா. பழக்குங்கடே" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டைனிங் ஹால் மேசைகளைத் துடைத்து, பெண்களை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கட்டு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். பக்கத்தில் அவரவர் வீட்டுக்காரர். எங்கள் பெயரை அவர்கள் எப்படிப் போடுவார்களோ அப்படிப் போட நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

"'ல' வளையும்போது அழுத்தாத, இழுத்து விடு" என்றார் இவர். "கோட்ட எடது பக்கத்துல இருந்து ஆரம்பி. புள்ளிய கடைசில வையி."

"என் பேரு எனக்கு எழுதத் தெரியாதா?"

"ஒனக்குத் தெரியும் உலகு. ஆனா இது இப்படித்தான் இருக்கணும்" என்றார், ரொம்பப் பொறுமையாக. என் கையைப் பிடித்து இரண்டு தடவை எழுதிக் காட்டினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இவர் என் கையைப் பிடித்து இவ்வளவு நேரம் உட்கார்ந்தது இன்றுதான்.

ஜூலை 13, சனி

நூற்றுப் பதினேழு உலகம்மாள். கடைசி இருபதும் தான் போடுவதைவிட நன்றாக இருக்கிறது என்று இவர் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணாச்சி அன்றைக்கு வாசலில் சொன்னதை இன்று எழுதிவிடுகிறேன். இனி மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

"பொற்கொடி எறங்கினதும் அடுத்த சேர்மன் நம்ம உலகம்மாதான்" என்றார். சேர்மன் பதவி எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான். எனக்கு ஆசை இல்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். இங்கே வந்த இரண்டாம் நாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "உறுப்பினர்கள் அமைதி காக்கவும்" என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் நுரையோடு.

இன்று துணி காயப்போடும் இடத்தில் நானும் செய்யதம்மாளும் ஞானசுந்தரி மைனியும் மட்டும் இருந்தோம். செய்யதம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "யார்ட்டயும் சொல்லிராதீங்க. அடுத்த சேர்மன் நாந்தான்னு அண்ணாச்சி எங்க வீட்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காவ" என்றாள்.

ஞானசுந்தரி மைனி கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டாள். "எங்க வீட்லயும்தான் சொன்னாவ."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் நிற்கவில்லை, அதனால் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பிடிபடுகிறது. சேர்மன் இறங்கிவிட்டால் அடுத்த தேர்தல் வைக்கிறவரை பொறுப்பு துணைத் தலைவருக்கு. மூன்று பேருக்கு ஒரே நாற்காலியைக் காட்டினால் மூன்று வீட்டுக்காரர்களும் அடித்துக்கொள்வார்கள். இந்தப் பன்னிரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், ஒருவருக்கும் பெரும்பான்மை சேராது. தேர்தல் தள்ளிக்கொண்டே போகும். பெண்ணுக்கு ஒதுக்கிய நாற்காலியில் அண்ணாச்சி ஆற அமர உட்கார்ந்திருப்பார்.

"ஒருத்தி கையத் தூக்காட்டா போதும்" என்றாள் செய்யதம்மாள். "தீர்மானம் விழுந்துரும்."

"மூணு பேருமே தூக்க வேண்டாம்" என்றேன் நான். "அப்பத்தான் ஒருத்தி தலையில விடியாது."

சரி என்று முடிவாயிற்று. கற்பூரம் எதுவும் கொளுத்தவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

தோட்டத்துக்குள் நடக்கப் போனோம். இவரிடம் மூன்று வீட்டுக் கதையைச் சொல்லிப் பார்த்தேன்.

"அவிய ஏமாத்துதாவன்னே வச்சிக்குவோம்" என்றார். "அதுக்காவ அந்தம்மா அங்கனயே இருக்கணுமா? இருவத்தஞ்சு வருசமா ஊர்ல எவன் வீட்டு மோட்டார் நின்னாலும் மழையில போய்க் காயில் கட்டுதவன் நான். எனக்கு அந்த ஹால்ல ஒரு நாற்காலி கெடையாதாக்கும்? அந்த பெஞ்சில உக்காந்தப்ப டீக்கடக்காரன் வந்து, என்ன கவுன்சிலரே வெளிய இருக்கியன்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல?"

இவர் ஊருக்குச் செய்ததெல்லாம் உண்மை. எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் இவருக்காக விழுந்ததுதான், அதுவும் எனக்குத் தெரியும். இவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"நீ தூக்குவல்லா?" என்று கேட்டார்.

"மழை வருது, வாங்க" என்றேன்.

ஜூலை 18, வியாழன்

நாளைக்கு. செய்யதம்மாள் இன்று காலையிலிருந்து என் பக்கம் வரவில்லை. ஞானசுந்தரி மைனி தலைவலி என்று படுத்துவிட்டாள்.

ஒரு விஷயம் எழுதிவிடுகிறேன். நானும் நினைத்தேன். ஒருத்தி தூக்காவிட்டால் போதும் என்றால், அந்த ஒருத்தி நானாக ஏன் இருக்க வேண்டும்? அவர்கள் இரண்டு பேரில் ஒருத்தி தூக்காவிட்டால், நான் தாராளமாகத் தூக்கிவிடலாம். தீர்மானமும் விழும், இவருக்கும் நான் நல்லவளாக இருப்பேன். இதைக் கணக்குப் போட எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்களுக்கும் ஆகியிருக்காது.

ஜூலை 19, வெள்ளி

வேன் நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்றது. போலீஸ் நின்றது. வீட்டுக்காரர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார்கள். இவர் இரண்டாவது ஜன்னலில்.

முதலில் கையெழுத்து. அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மேடம் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிக்கை முழுவதையும் அதில்தான் வைத்திருந்தார் என்பது தெரிந்தது. என் முறை வந்தது.

"இது நீங்க போட்டதுதானாம்மா?"

"இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனு அங்கேயே தள்ளுபடி. மேடம் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார், ஓடைத்தெருவுக்குக் குழாய் அடுத்த வாரமே வந்திருக்கும். இவர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்காமலே இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

"என் கையெழுத்துதான் ஐயா" என்று சொல்லித் தாளில் போட்டுக் காட்டினேன். கோடு, இரண்டு புள்ளி. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் "சரி" என்றார். செய்யதம்மாளும் விடுபட்ட எழுத்தை விட்டே அழகாகப் போட்டாள். ஏழும் ஒத்துப்போய்விட்டது. மேடம் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

பிறகு ஓட்டு. வார்டு வரிசையில் பெயர் கூப்பிடுவார்கள், ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். நாலாம் வார்டு என்றதும் செய்யதம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். சரி, மைனி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்று என்றார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே மைனி கை மேலே இருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று. அதோடு ஆதரவு பதினொன்று ஆகிவிட்டது. பதினைந்தாம் வார்டு மேடத்தின் ஆள். மிச்சம் நான் ஒருத்திதான்.

"பதினாலாவது வார்டு, உலகம்மாள்."

துணிந்து செய்தேன் என்று எழுதினால் பொய். அண்ணாச்சி மூன்று வீட்டில் சொன்னது ஞாபகம் வந்தது. வராந்தாவில் ஏழு பேரும் பேசியது ஞாபகம் வந்தது. என்னை மாட்டிவிட்டு இரண்டு பேரும் தப்பித்துக்கொண்டார்களே என்ற ஆத்திரமும் இருந்தது. நாற்காலி எனக்கில்லை என்ற வருத்தமும் இருந்திருக்கும். எதனால் என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கை மடியிலேயே இருந்தது.

"ஆதரவாம்மா? இல்லையா? வாயைத் தெறந்து சொல்லுங்க."

"இல்லை ஐயா."

அந்த ஹாலில் எனக்காக நான் பேசியது இதுதான் முதல் தடவை. மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஜன்னலைப் பார்த்தேன். அங்கே இவர் இல்லை.

ஜூலை 20, சனி

இட்லி, தேங்காய்ச் சட்னி. இவர் மோட்டார் கடையிலேயே சாப்பிட்டுக்கொண்டார்.

ஜூலை 23, செவ்வாய்

ஐந்து நாளாக இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகக் கத்தினால்கூடத் தேவலை. டம்ளரை நகர்த்தி வைக்கிறார், நான் காப்பி ஊற்றுகிறேன், அதோடு சரி.

பாத்திரக் கடையில் வைத்து அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் இவரைப் பார்த்து, "வீட்டுல ஒரு கையத் தூக்க வைக்க முடியாதவன்லாம் அரசியலுக்கு வந்துட்டான்" என்றாராம். செய்யதம்மாள்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மைனி தூக்கமாட்டாவன்னு நெனச்சேன் அக்கா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

சேர்மனைப் பார்க்கப் போனேன். தனியாக. அரைமணி நேரம் காக்க வைத்தார்.

"நன்றி சொல்லுவேன்னு வந்தீங்களா?" என்றார் உள்ளே போனதும். "என்னை எறக்கணும்னு கையெழுத்துப் போட்டவங்க நீங்க. உங்க கையெழுத்துதான்னு என் கண்ணு முன்னாடி சத்தியம் பண்ணுனீங்க. கடைசி நேரத்துல பயந்துட்டீங்க, அவ்வளவுதானே? உங்களை நான் எப்படி நம்புறது?"

உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எனக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். இவரை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பியும் இருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு மனுஷியை வெளியே தள்ளப் பார்த்தால், பிறகு அவர் யாரைத்தான் நம்புவார்?

"நன்றியெல்லாம் வேண்டாம் மேடம். ஓடைத்தெரு முக்குல ஒரு வால்வு வச்சா இருநூறு மீட்டர் குழாயில வேல முடிஞ்சிரும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"யாரு சொன்னா?"

"குழி தோண்டும்போது பக்கத்துல நின்னவங்க."

ஏறிட்டுப் பார்த்தார். "தீர்மானமா எழுதிக் கொண்டாங்க. பதினைஞ்சு பேரும் என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். அந்தப் பதினைந்தில் பதினொரு பேருக்கு நான் துரோகி. அவருக்கு நான் கோழை. நல்ல நிலைமைதான்.

ஜூலை 30, செவ்வாய்

நாளைக்கு மீட்டிங். காலையிலிருந்து உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினேன். நாலு தாள் கிழித்துப் போட்டேன். முன்பெல்லாம் இவர்தான் எழுதுவார். 'மேற்படி', 'கனிவுடன் பரிசீலித்து' என்றெல்லாம் சரளமாக வரும். எனக்கு வரவில்லை. தண்ணீர் இல்லை, வால்வு வைக்க வேண்டும், இருநூறு மீட்டர், இத்தனை வீடு என்று எனக்குத் தெரிந்த மாதிரி எழுதி, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ரசத்தை இறக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தாள் இவர் கையில் இருந்தது. கிரீஸ் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை படித்து முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு அதிகாரி கேட்டப்ப இல்லன்னு சொல்லிருக்கலாம்லா" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "குழாயும் வந்திருக்கும்."

"நீங்க உள்ள போயிருப்பீங்க."

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "பொறவு கையையும் தூக்கிருக்கலாம்."

"அது முடியல."

இவர் கண் சிவந்துவிட்டது. எனக்கும்தான். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு தாளை மேசையில் வைத்து ஒரு இடத்தில் விரலை ஊன்றினார்.

"நாப்பத்திரெண்டு வீடு இல்ல, உலகு. நாப்பத்தாறு. ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு வீட்ட விட்டுட்ட."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நாற்பத்திரண்டை அடித்துவிட்டு நாற்பத்தாறு என்று எழுதினேன்.